கழிமேடு இனி யாருடையது

மார்ச் 4

தொகுதி மறுவரையறை ஆணை வந்துவிட்டது. காலையில் கடைவாய்ப் பல் வலியோடு எழுந்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது என் உதவியாளர் ஜெபமணி வரைபடத்தோடு வந்தான். மேசையில் விரித்துக் காட்டினான். தொகுதியின் கிழக்கோரம், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உப்பளக் குடியிருப்புகள் எல்லாம் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டன. கழிமேடும் போய்விட்டது. மேற்கே ஆனைவிளை நம்மோடுதான் இருக்கிறது. அதை ஒட்டிய சிற்றூர்களும் புதிதாகச் சேர்ந்திருப்பதால் இனி நம் தொகுதியில் அதுதான் பெரிய இடம்.

புதிய எல்லை அடுத்த தேர்தலில்தான் நடைமுறைக்கு வரும். அதற்கு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது. அதுவரை கழிமேட்டுக்கு நான்தான் சட்டமன்ற உறுப்பினர். ஆனால் கழிமேட்டுக்காரர்கள் இனி எனக்கு ஓட்டுப் போட வழியில்லை. ஜெபமணியிடம் இதை இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மாவட்டம் பேசினார். கட்சியில் மாவட்டச் செயலாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வது.

"பாத்துட்டியளாம்மா? போனது போச்சு. இருக்கதக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. அடுத்த வாட்டி ஆனைவிளைதான் உங்களக் கரையேத்தணும்."

மதியம் சந்தனமாரி வந்தாள், நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு. கழிமேட்டில் மகளிரணி என்றால் அவள்தான். உப்பளத்தில் கூலி வேலை. என் கணவர் இறந்து நான் முதல்முறை தேர்தலில் நின்றபோது, வெள்ளைச் சேலையில் வெளியே வரக் கூசிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து வீடுவீடாகக் கூட்டிப் போனவள். இரண்டு தேர்தலிலும் கழிமேட்டு வாக்குச்சாவடியில் எனக்கு முகவராக உட்கார்ந்தாள். அங்கே நமக்கு விழாத ஓட்டு என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை.

"அக்கா, நம்மள வேற தொகுதியில சேத்துட்டாகன்னு டீக்கடையில சொல்லுதாக. அப்பம் நாங்க இனிமே யாரு ஆளு?"

"ஏட்டி, தேர்தல் வர வரைக்கும் நாந்தான் உங்க ஆளு. ஒண்ணும் மாறாது. போய் எல்லாருகிட்டயும் சொல்லு."

அவள் முகம் தெளிந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 6

பல் டாக்டர். வேர் வரை சிகிச்சை செய்ய வேண்டுமாம். இனிப்பு கூடாது, மிகக் குளிர்ந்ததும் கூடாது.

மார்ச் 11

கழிமேட்டுக்குக் குடிநீர்க் குழாய் போட என் தொகுதி நிதியிலிருந்து போன வருஷம் எழுதிக் கொடுத்திருந்தேன். வேலை இன்னும் தொடங்கவில்லை. அந்தப் பணத்தை ஆனைவிளைக்கு மாற்றும்படி கலெக்டருக்கு இன்று கடிதம் அனுப்பினேன். குழி தோண்டாத வேலையை நிறுத்துவது நிறுத்துவதே ஆகாது. யாருக்கும் எதுவும் இல்லாமல் போய்விடவில்லை. வர இருந்தது வரவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடும்போது ஜெபமணி கேட்டான்: "சந்தனமாரியக்கா கேட்டா என்னம்மா சொல்ல?"

"ஏன், அவ கலெக்டர் ஆபீஸுக்கா போகப் போறா?"

மாவரைக்கும் இயந்திரம் பழுது. கல்லை மாற்ற வேண்டும் என்கிறான் பழுது பார்க்க வந்தவன்.

மார்ச் 19

ஆனைவிளை. நல்ல வரவேற்பு. பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். மாலை போட்ட கையோடு அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார். கெட்டிக்காரர்.

"அம்மா, கோடை பொறந்துட்டு. கெணறெல்லாம் அடியத் தொட்டுட்டு. உங்க அய்யா பேருல ஓடுதுல்லா தண்ணி லாரி, அது எங்க ஊருக்கு வந்தா புண்ணியமாப் போகும்."

என் கணவர் பெயரில் நான் வைத்திருக்கும் அறக்கட்டளையின் லாரி. இத்தனை வருஷமாகக் கழிமேட்டுக்குத்தான் ஓடுகிறது. உப்பளத்து ஊரில் எங்கே தோண்டினாலும் கரிக்கும் என்பதால் அவரே வாங்கி ஓடவிட்டது. தொட்டியின் பக்கவாட்டில் அவர் படம் இருக்கிறது. வெயிலில் முகம் வெளுத்துவிட்டது. வேறு வரையச் சொல்ல வேண்டும்.

நாளையிலிருந்து லாரி வரும் என்று சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு லாரிதான் இருக்கிறது.

மார்ச் 27

சந்தனமாரி போன் செய்தாள். லாரி வரவில்லையாம். பழுது என்று ஜெபமணியைச் சொல்லச் சொன்னேன். இயந்திரம் பழுதான வீட்டில் அந்தச் சொல் எளிதாக வந்தது.

ஏப்ரல் 2

சந்தனமாரி நேரிலேயே வந்துவிட்டாள். இந்த முறை அவளோடு இன்னும் சில பெண்கள். உப்பு வாரி வெடித்த பாதங்கள். வரவேற்பறைக் கம்பளத்தில் ஏறாமல் ஓரமாக நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

பக்கத்துத் தொகுதி உறுப்பினர் கனகவேலைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவர் எதிர்க்கட்சி. எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கேட்காமல் அங்கே போயிருக்க வேண்டாம்.

"அவரு என்ன சொன்னாரு?"

"அவரு சிரிக்காருக்கா. 'உங்க ஓட்டு எனக்கு அடுத்த எலெக்ஷனுக்குத்தானே வரும்? இப்பம் உங்க ஆளு அந்தம்மாதான. அங்க போய்க் கேளுங்க'ன்னு சொல்லிட்டாரு." சந்தனமாரி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கட்டிக்கிட்ட வீட்டுலயும் இன்னும் சேக்கல, பெத்த வீட்டுலயும் இலையைத் தூக்கிட்டாக. நடுத்தெருவுல நிக்கோம்க்கா. லாரியக்கூட ஆனைவிளையில பாத்ததாச் சொல்லுதாக."

"அது வேற லாரி."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி படம் போட்டிருந்துச்சாம்."

"ஒரே மாதிரி ரெண்டு வாங்கிருக்கு. உங்களுக்குள்ளது வொர்க்ஷாப்புல நிக்கி."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்றே நினைக்கிறேன். அவர்கள் போன பிறகும் அந்த வார்த்தை என் காதில் நின்றது. பெற்ற வீட்டிலும் இலையைத் தூக்கிவிட்டார்கள். எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன், எனக்கு இப்படி ஒன்று வாயில் வந்ததில்லை. மறப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9

சென்னை. இன்று பேரவையில் பேசினேன். இந்த நாளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

மறுவரையறை பற்றி எல்லாரும் எத்தனை இடம் கூடும், எத்தனை குறையும் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, பிரித்துக் கொடுக்கப்பட்ட ஊர்களை இந்த இடைப்பட்ட காலத்தில் யார் பார்ப்பது என்று கேட்டேன். பழைய உறுப்பினருக்கு அங்கே இனி ஓட்டு இல்லை. புதிய உறுப்பினருக்கு அங்கே இன்னும் பொறுப்பு இல்லை. காகிதத்தில் இருவர், களத்தில் ஒருவரும் இல்லை. ஆகவே விதியைத் திருத்துங்கள் என்றேன். பிரிந்து போகும் ஊருக்கு ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை வேறு ஊருக்கு மாற்றக் கூடாது. அங்கே நடந்துவரும் உதவி எதையும் தேர்தல் வரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த உறுப்பினர் பேரவைக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

பிறகு, "என் தொகுதியில் உப்பளத்தில் பாடுபடும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்" என்று ஆரம்பித்து அந்த வார்த்தையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் கம்மியது. நடிப்பு இல்லை. பிறகு எதிர்க்கட்சி வரிசையும் சேர்ந்து மேசையைத் தட்டியது.

முடிவில் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தார்கள். மூத்த உறுப்பினர் சபாபதி ஐயா தலைவர். நானும் ஓர் உறுப்பினர். மாடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாவட்டம் கீழே வந்ததும், "பெரிய இடத்துல உங்களப் பத்திக் கேட்டாங்கம்மா" என்றார்.

அறைக்குத் திரும்பும்போது ஜெபமணி மட்டும் ஒன்று கேட்டான். "அம்மா, இந்த விதி வந்துட்டா நம்ம கழிமேட்டுக் குழாய்ப் பணம்?"

"வந்த பிறகு நடக்கறதுக்குத்தான் விதி. முன்னால நடந்ததுக்கு இல்ல."

அவன் வரவர அதிகம் யோசிக்கிறான்.

ஏப்ரல் 10

எல்லாப் பத்திரிகையிலும் படம். அந்த வெங்காயச் சருகு நிறச் சேலை எனக்குப் பொருந்துகிறது.

ஏப்ரல் 14

சந்தனமாரி போனில் அழுதாள். என் பேச்சை யாரோ போனில் போட்டுக் காட்டினார்களாம். "எங்களுக்காக அவ்வளவு பெரிய சபையில கண்ணு கலங்கிட்டியளேக்கா. எம் பேத்தி ரோசினி இருக்காள்லா, போனுல உங்களத் தொட்டுத் தொட்டுப் பாக்கா." அழுகையெல்லாம் முடிந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, லாரி எப்போது வரும் என்று கேட்டாள். உப்போடைக் கரையில் ஊற்றுத் தோண்டி அதைத்தான் குடிக்கிறார்களாம்.

வொர்க்ஷாப்பில் பாகம் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 23

பல்லுக்குத் தொப்பி மாட்டியாயிற்று. அந்தப் பக்கமும் மெல்லலாம்.

மே 2

கழிமேட்டில் வயிற்றுப்போக்கு என்று ஜெபமணி வந்து சொன்னான். சுகாதாரத் துறைக்குச் சொல்லச் சொன்னேன். சொன்னானாம். பிறகு, லாரியை ஒரு நடை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பலாமா என்று கேட்டான். நாளை மறுநாள் ஆனைவிளையில் கொடை விழா. கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கே தண்ணீர் போதாது. விழா முடியட்டும் என்றேன்.

மாலையில் கல்யாண வரவேற்பு ஒன்று. பால்கோவா நன்றாக இருந்தது.

மே 5

சந்தனமாரியின் பேத்தி இறந்துவிட்டது. மூன்று வயது. நேற்று முன்தினத்திலிருந்து போய்க்கொண்டே இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளை ஏற்கெனவே சவலை என்று டாக்டர் சொன்னதாக ஜெபமணி விசாரித்துச் சொன்னான். ஆகவே தண்ணீர் ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது.

மாலை வாங்கிக்கொண்டு அவனைப் போய்வரச் சொன்னேன். நான் போனால் கூட்டம் கூடும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், ஒரு குடும்பத்தின் துக்கம் அரசியலாகிவிடும்.

அவன் திரும்பி வந்ததும், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலம்மா. மாலையக்கூட வாங்கல. பிள்ளை அளவுக்கு மாலை ரொம்பப் பெருசு" என்றான்.

மே 6

லாரியை இன்று கழிமேட்டுக்கு ஒரு நடை அனுப்பினேன். ஆனைவிளையிலிருந்து தங்கப்பழம் உடனே கூப்பிட்டார். அதன் பிறகு அனுப்பவில்லை.

மே 11

குழுவின் முதல் கூட்டம். சபாபதி ஐயா சிரத்தையான மனிதர். பழைய ஆணைகளை எல்லாம் படித்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் முந்திரியைத் தின்றுகொண்டிருந்தபோது அவர் மட்டும் என் மூன்று கோரிக்கைகளையும் வரிவரியாக எடுத்துப் பேசினார்.

"நம்ம சிபாரிசு நிக்கணும்னா நாம பேசினாப் பத்தாதும்மா. பாதிக்கப்பட்டவங்க வந்து சொல்லணும். நீங்க பேரவைல சொன்னீங்களே, அந்த உப்பள அம்மா, அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்றதைக் கேட்டா இந்த விதியை யாரும் மறுக்க முடியாது."

எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். பத்திரிகையாளர்களையும் அனுமதிக்கலாம் என்றார் ஒருவர்.

நானும் ஆமோதித்தேன். வேறு என்ன செய்ய.

மே 12

சந்தனமாரி வந்து எதைச் சொல்வாள்? குழாய்ப் பணம் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் லாரி தெரியும். அவர் படம் போட்ட லாரி. குழந்தை விஷயமும் இருக்கிறது. இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவளே முதல் குற்றவாளி என்று அடுத்த நாள் தலைப்புப் போடுவார்கள்.

அவளுக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். ஜெபமணி, "சபாபதி ஐயா கழிமேட்டுக்கே கிளம்பி வந்துருவாரும்மா. அப்படிப்பட்ட ஆளு" என்றான். சரிதான்.

அவள் மகன் பட்டுராஜா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். நான் சொல்லி வாங்கிக் கொடுத்தது. ஆனியில் ஒப்பந்தம் முடிகிறது. இதை எனக்கு நினைவூட்டியவன் ஜெபமணிதான். நானாக நினைக்கவில்லை.

மே 14

கழிமேட்டுக்குப் போனேன். காரின் பின்னால் கேன் தண்ணீர் ஏற்றச் சொல்லியிருந்தேன்.

சந்தனமாரியின் வீட்டு முன் வேலிக்கருவை நிழலில் நாற்காலி போட்டார்கள். அவளுடைய மகள், குழந்தையின் தாய், என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். சந்தனமாரி மட்டும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை மரக்கட்டை மாதிரி இருந்தது, இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"என்ன சொல்லன்னே தெரியலட்டி. கேட்ட நாள்ல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"நீங்க என்னக்கா செய்விய."

அவள் உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். லேசாகக் கலங்கியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் சிகிச்சை நடக்கிறது, தண்ணீர் பட்டால் கூசும் என்று சொல்லித் தம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தேன்.

சென்னைக்கு வர வேண்டும் என்றேன். குழு, விசாரணை எல்லாம் விளக்கினேன். பெரியவர்கள் கேட்பார்கள், பயப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

"நான் என்ன சொல்லணும்க்கா?"

"உன் மனசுல உள்ளதச் சொல்லு. ஆனா லாரி நின்ன விஷயமெல்லாம் அங்க போய்ப் பேசுனா, இந்த நல்ல காரியத்தையே கெடுத்துருவாங்க. எதிர்க்கட்சிக்காரன் பிடிச்சுக்கிடுவான். லாரி வந்துக்கிட்டுத்தான் இருக்கு, அக்கா எங்களக் கைவிடலன்னு மட்டும் சொன்னாப் போதும். உங்க மாதிரி ஊருக்கெல்லாம் விடிவு வரும்."

கோழி ஒன்று தம்ளரைச் சுற்றிவந்தது.

"பட்டுராஜா எப்படி இருக்கான்? ஆனியில ஒப்பந்தம் புதுப்பிக்கணுமாமே."

அவள் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"ஆமாக்கா. அவன் ஒருத்தன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது."

"நான் பாத்துக்கிடுதேன்."

"எப்பம் கிளம்பணும்?" என்று கேட்டாள்.

எதையும் நான் மிரட்டிக் கேட்கவில்லை. அவளுக்கே நிலைமை புரிந்தது. புத்திசாலி. படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

மே 20

சென்னை. சந்தனமாரியை எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கவைத்து, ஜெபமணி காலையில் கூட்டிவந்தான். புதுச் சேலை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். மடிப்புக் கலையாத சேலையில் அவள் வேறு யாரோ போல இருந்தாள். ஏசி குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சபாபதி ஐயா அவளை உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து கொடுத்தார். அவள் அதை ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தாள். பிறகு மேசையில் மற்றவர்கள் முன்னால் திறக்காமல் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. ஊரைப் பிரிச்சதுக்கு அப்புறம் என்ன கஷ்டம் வந்துச்சு?"

"ஒரு கஷ்டமும் இல்லங்கய்யா."

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தண்ணி?"

"லாரி வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு நாளும் நின்னதில்ல. எங்க அக்கா எங்களக் கைவிடல."

"உங்க பேத்தி தவறிப்போனதாக் கேள்விப்பட்டேன்மா. வயித்துப்போக்குன்னாங்க."

நான் பேனாவை மூடினேன். இதை யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

சந்தனமாரி மேசையின் மேற்பரப்பையே பார்த்துக்கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொன்னாள்: "அது எங்க தப்புங்கய்யா. நாங்க சுத்தமா வச்சுக்கிடல. பிள்ளையப் பாத்துக்கிடத் தெரியல. எங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. லாரி பற்றி மட்டும்தான் சொன்னேன். ஜெபமணி சொல்லிக் கொடுத்தானா என்று கேட்கவும் இல்லை.

ஓர் உறுப்பினர் சிரித்துக்கொண்டே, "அப்ப எல்லாம் நல்லாத்தானே நடக்குது. விதி எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"எனக்கு அது தெரியாதுங்கய்யா."

போகும்போது காலி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

மே 21

ஒரு பத்திரிகையில் சின்னதாக வந்திருக்கிறது: 'எங்களைக் கைவிடாத எம்.எல்.ஏ. – உப்பளப் பெண் நெகிழ்ச்சி'. மாவட்டம் அதைப் பெரிய இடத்துக்கு அனுப்பினாராம்.

ஜூன் 3

குழு அறிக்கை கொடுத்துவிட்டது. எல்லை மாற்றத்தால் பிரிந்து செல்லும் பகுதிகளை உறுப்பினர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி தொடர்ந்து கவனித்து வருவது சாட்சியத்தால் தெரியவருகிறது. ஆகவே விதியில் திருத்தம் தேவையில்லை. சபாபதி ஐயா மட்டும் மாற்றுக் கருத்து எழுதியிருக்கிறார்.

கூட்டம் முடிந்து வராந்தாவில் என்னோடு கொஞ்ச தூரம் நடந்தார். "நல்ல திருத்தம்மா. நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணை யாரும் கேட்டதில்ல. நீங்க கூட்டிட்டு வந்த சாட்சியே அதை முடிச்சுட்டாங்க." கொஞ்சம் நின்றார். "அவங்க உதடு வெடிச்சு இருந்துச்சு, கவனிச்சீங்களா?"

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

எனக்கும் வருத்தம்தான். அந்த மூன்று கோரிக்கையும் என்னுடையவை. சட்டமாகியிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும்.

ஜூன் 10

மகளிரணி மாநிலத் துணைச் செயலாளர் பதவி. அறிவிப்பு காலையில் வந்தது. வீடு முழுக்கச் சால்வை. அலமாரியில் இடமில்லை.

ஜூன் 16

தங்கப்பழத்தின் மருமகனுக்குக் கிட்டங்கியில் வேலை கேட்டிருந்தார். ஒரு இடம்தான் காலி. ஆனியில் முடிகிற ஒப்பந்தம்.

அன்றைக்குக் கழிமேட்டில் பேசியதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. பார்த்தேன், முடியவில்லை. பட்டுராஜா இளவட்டம். எங்காவது பிழைத்துக்கொள்வான்.

ஜெபமணி இரண்டு நாள் விடுப்புக் கேட்டான். கொடுத்தேன்.

ஜூன் 25

ஆனைவிளையில் இரண்டாவது லாரியைத் தொடங்கிவைக்கப் போயிருந்தேன். கட்சியில் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தது. பந்தல், ஒலிபெருக்கி, எல்லாம் இருந்தன. பெண்கள் குடங்களோடு நீளமாக வரிசையில் நின்றார்கள்.

நான் கொடியைக் கையில் எடுத்தபோது வரிசையின் நடுவில் சத்தம். இரண்டு பெண்களை வெளியே தள்ளினார்கள். ஒரு குடம் உருண்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், சந்தனமாரியும் அவள் மகளும்.

தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கழிமேட்டுச் சனம்மா. மூணு நாளா ஊர் எல்லையில கொட்டாய் போட்டு இருக்காக. நம்ம தண்ணியில பங்குக்கு வாராக. இப்பம் ரெண்டு வீடு. விட்டா முழு ஊரும் வந்துரும்."

சந்தனமாரி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உண்மையாகவே வந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை.

"அக்கா, பையனுக்கு வேல போயிட்டு. அங்க தண்ணியும் இல்ல. அதான் இங்க வந்துட்டோம். இது உங்க தொகுதிதானக்கா? நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஆனைவிளைப் பெண்கள், தங்கப்பழம், ஒலிபெருக்கிக்காரன்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் தங்கப்பழமும். "இவுக உங்க ஆளுகளா?"

நான் யோசித்துத்தான் பேசினேன். "ரேஷன் கார்டு எந்த ஊருல இருக்கோ, அந்த ஊருலதான் தண்ணி. யாருக்காகவும் முறையை மாத்த முடியாது."

மகள் என்னை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள். குழந்தை போன பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்டேன். "எங்க கார்டு கழிமேட்டுல இருக்கு. கழிமேடு இப்பம் யாரோடது? அதச் சொல்லிட்டுக் கொடியை ஆட்டுங்க."

சந்தனமாரி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "அக்கா சொன்னாச் சொன்னதுதான். வா." என்னிடம் கெஞ்சவில்லை, ஏசவும் இல்லை. உருண்ட குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர்கள் நின்ற இடத்தைப் பின்னால் நின்ற பெண்கள் நெருங்கி மூடிவிட்டார்கள். வரிசை பழையபடி ஆயிற்று.

நான் கொடியசைத்தேன். தண்ணீர் பாய்ந்தது. குலவை போட்டார்கள்.

திரும்பும்போது ஊர் எல்லையில் கார் அவர்களைக் கடந்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தனமாரி நின்று, குடம் இல்லாத கையை நெற்றிவரை உயர்த்தினாள். எனக்குக் கும்பிட்டாளா, வெயிலுக்குக் கண்ணை மறைத்தாளா என்று காருக்குள்ளிருந்து தெரியவில்லை.

கும்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.